அட்வகசி: பரிந்துபேசல்

செவிலியர் வகுப்பில், நோயாளிக்காகச் செவிலியர் பேசுவதைக் குறிக்கும் ‘அட்வகசி’ என்ற சொல்லைப் பலகையில் எழுதியதுமே, “வக்கீல் வேலையா மேடம்?” என்று ஒரு குரலாவது எழும். கேட்பதில் தவறில்லை. இலத்தீனில் ‘அட்வொகாத்துஸ்’ என்றால் துணைக்கு அழைக்கப்பட்டவர். வக்கீலைக் குறிக்கும் ஆங்கில அட்வகேட்டும் பிரெஞ்சு அவொகாவும் அதன் வழி வந்தவை. 1954 வரை பிரெஞ்சு ஆட்சி நடந்த புதுச்சேரிக்கு அவொகா அந்நியச் சொல் அல்ல.

தமிழில் சட்டென்று வாயில் வருவது வக்காலத்து. அரபு மூலம், வக்கீலுக்கு உடன்பிறப்பு. ஆனால் ‘அவனுக்கு நீ என்ன வக்காலத்து?’ என்று கேட்டுப் பழகிய காதில் ஏளனம்தான் முதலில் விழும். பரப்புரை என்றால் ஒலிபெருக்கி நினைவுக்கு வருகிறது. பரிந்துரை நெருங்கிய சொல். அதைச் சிபாரிசுக்கு என்றோ கொடுத்துவிட்டோம்.

எஞ்சுவது பரிந்துபேசல். ‘பால்நினைந் தூட்டும் தாயினும் சாலப் பரிந்து’ என்கிறது திருவாசகம். பிள்ளை அழட்டும் என்று காத்திராமல் தானே நினைத்து ஊட்டுகிறாள் தாய். துணைக்கு அழைக்கப்படும் வரை காத்திருக்கும் இலத்தீன் சொல்லைவிட, செவிலியத்துக்கு இது பொருத்தம் என்பேன்.

இந்தப் பொருள் தொழிலுக்குள் வரவே நாளாயிற்று. பன்னாட்டுச் செவிலியர் மன்றத்தின் 1953 நெறிமுறை, மருத்துவர் ஆணைக்கு விசுவாசத்தை வலியுறுத்தியது. 1973-இல்தான், பராமரிப்பு தேவைப்படுவோருக்கே முதல் பொறுப்பு என்று மாறியது.

பரிந்து பேச, முதலில் நிதானிக்க வேண்டும், அதாவது நோயாளியின் நிலையைக் கவனித்து எடைபோட வேண்டும். இதைக் குறிக்கும் ‘கிளினிக்கல் ஜட்ஜ்மென்ட்’ என்பதைத் தீர்ப்பு என்று எழுதி நீதிமன்றத்துக்கு அனுப்பாதீர்கள், நிதானிப்பு போதும்.

ஒரு நிகழ்வு சொல்கிறேன். கடலூர் தேவனாம்பட்டினத்திலிருந்து வந்து புதுச்சேரி மருத்துவமனையில் சேர்ந்திருந்தார் ஒரு மீனவப் பெரியவர். காலையில் ரத்த அழுத்த மாத்திரை கொடுக்கப் போன மாணவி, முதலில் அழுத்தம் பார்த்தாள்: 90/60, ஏற்கெனவே குறைவு. பட்டையை மறு கையில் சுற்றிப் பார்த்தாள், அதே அளவு. நாக்கு காய்ந்திருந்தது. குனிந்து விசாரித்தாள். இரவிலிருந்து ஐந்து முறை வயிற்றுப்போக்கு. பெரிய டாக்டர் வந்தபோது சொல்லவில்லையா என்றதற்கு, “அத்தனை பேர் முன்னால் எப்படியம்மா?” என்றார்.

மாத்திரையைக் கொடுக்காமல் நிறுத்திவைத்தாள். வார்டு சிஸ்டரிடம் சொல்லிவிட்டு, பணி மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தாள். “டாக்டர், ஏழாம் படுக்கை ஐயா பெரிய டாக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்டிருக்கிறார். அவருக்காக நான் சொல்கிறேன்.”