ஒரு விலையை மாற்ற முழு மெனு கார்டா?

இந்த மாதத்தில் இது நான்காவது. பெங்களூரு அல்சூரில் மெஸ் நடத்தும் அண்ணாச்சி ஒருவர், மெனு கார்டில் சாப்பாட்டு விலையை 90-லிருந்து 100 ஆக்க வேண்டும் என்று, அச்சு வடிவமைப்பு செய்யும் என்னிடம் வந்தார். ஃபைல் எங்கே என்றேன். கைப்பேசியை நீட்டினார். வாட்ஸ்அப்பில் வந்த படம். பெரிதாக்கினால் ‘ரசம்’ என்ற சொல்லே ரசம் போலக் கலங்கிக் கிடந்தது. ஓர் எண்ணுக்காக முழு மெனுவையும் புதிதாகத் தட்டச்சு செய்தேன். கூலியைக் கேட்டதும் அவர் முகம் சுருங்கியது. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. முதலில் வடிவமைத்தவர் பணத்தை வாங்கிக்கொண்டு படத்தை மட்டும் அனுப்பியிருக்கிறார்.

2024 தொடக்கத்தில், கடைப் பெயர்ப்பலகையில் 60 விழுக்காடு கன்னடம் வேண்டும் என்று மாநகராட்சி கெடு விதித்தபோதும் இதே கூத்துதான். மூலக் கோப்பு, அதாவது திருத்தக்கூடிய கோப்பு, இருந்தவர்கள் ஒரே மாலையில் வேலையை முடித்தார்கள். மற்றவர்கள் பழைய பலகையைப் படம் பிடித்துக்கொண்டு வந்தார்கள்.

‘பிடிஎஃப் இருக்கிறதே!’ என்பார்கள். இதற்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. பிடிஎஃப் அச்சகத்துக்கானது. அச்சுக்கு அனுப்பும் முன் எழுத்தையெல்லாம் கர்வ், அதாவது வெறும் கோட்டு வடிவம், ஆக்கிவிடுவோம். அதன்பின் ‘சா’ எழுத்தல்ல, ‘சா’ போல வரைந்த ஓவியம். ஓவியத்தில் எப்படித் தட்டச்சு செய்வது? ‘கோரல் ஃபைலே (கோரல்டிரா என்ற வடிவமைப்பு மென்பொருளின் கோப்பு) இருக்கிறது’ என்பவர்களும் துள்ள வேண்டாம், அதுவும் கர்வ் ஆனதாக இருக்கலாம். டெக்ஸ்ட் கருவியால் விலையின் மேல் சொடுக்குங்கள். எழுத்துகளுக்கு நடுவே கர்சர் துடித்தால்தான் அதற்கு உயிர் இருக்கிறது.

எழுத்துரு இன்னொரு தலைவலி. பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பை, பாமினி இல்லாத கணினியில் திறந்தால் ‘சாப்பாடு’ ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக இளிக்கும். எல்லாக் கணினிக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடில் கேளுங்கள். நோட்டோ எழுத்துருக்கள் தமிழுக்கும் கன்னடத்துக்கும் இலவசமாகவே கிடைக்கின்றன.

வேலையைத் தொடங்கும் முன்பே, முன்பணம் கொடுக்கும்போதே பேசுங்கள்: அச்சுக்கு ஒரு கோப்பு, திருத்த ஒரு கோப்பு, கூடவே எழுத்துருவும் படங்களும். வாட்ஸ்அப்பில் வாங்கினால் டாக்குமெண்டாக வாங்குங்கள். இரண்டு இடங்களில் சேமியுங்கள். பணம் கொடுத்ததாலேயே வடிவமைப்பின் உரிமை உங்களுக்கு வந்துவிடாது. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி அதை எழுத்தில் மாற்றித் தர வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் அந்த உரிமை ஐந்தே ஆண்டுகள்தான். நான்கு வரி போதும், எழுதி வாங்குங்கள்.

கோப்பைக் கொடுத்தால் வாடிக்கையாளர் திரும்பி வரமாட்டார் என்று பயப்படும் தொழில்காரத் தம்பிகளே, கொடுத்துவிடுங்கள். விலை மாற்ற வருபவரைப் பிடித்து வைத்து எவ்வளவு சம்பாதித்துவிடப் போகிறீர்கள்? லோகோவை இழுத்து அகலமாக்கிவிடுவார்கள் என்ற பயம் நியாயமானது, நானே பார்த்துக் கண்ணைப் பொத்தியிருக்கிறேன். அதற்குத்தான் லேயர், அதாவது கோப்பில் தனித்தனியாகப் பிரித்து வைக்கும் அடுக்கு, இருக்கிறது. லோகோவைப் பூட்டுங்கள், விலையை மட்டும் திறந்து வையுங்கள். அவர்களிடம் இல்லாத மென்பொருளில் செய்து கொடுத்தும் பயனில்லை.

அண்ணாச்சிக்கு இங்க்ஸ்கேப் என்ற இலவச வடிவமைப்பு மென்பொருளில் செய்து, பென் டிரைவில் போட்டு, கல்லூரியில் படிக்கும் அவர் மகளிடம் விலை இருக்கும் லேயரைக் காட்டிக் கொடுத்தேன். அன்று மாலையே பொங்கலுக்கும் ஐந்து ரூபாய் ஏற்றிவிட்டாள்.