கரிச்சானின் கள்ளக் குரல்

"விலங்குகளுக்குச் சூதுவாது தெரியாது. பொய், பித்தலாட்டம் எல்லாம் ஆறாவது அறிவு வந்த பிறகு வந்த வினைதானே?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். போலீஸ் என்று சொல்லிப் போனில் மிரட்டியவர்களிடம் உறவினர் ஒருவர் பணத்தைப் பறிகொடுத்த கையோடு எழுதிய கடிதம் அது. கோபம் நியாயமானது. பதில்தான் அவர் நினைப்பதற்கு நேர்மாறாக இருக்கிறது. விலங்குகள் ஏமாற்றும். அந்தப் போன்காரர்கள் கையாண்ட அதே உத்தியை அவர்களைவிட நேர்த்தியாகக் கையாளும் ஒரு பறவையே உண்டு.

காக்கைக் கூட்டில் குயில் முட்டையிடுவதும், குச்சிப்பூச்சி குச்சியாகவே நிற்பதும், விஷமில்லாத வெள்ளிக்கோல் வரையன் கட்டுவிரியனின் பட்டைகளைப் போட்டுக்கொண்டு திரிவதும் எல்லோருக்கும் தெரிந்தவை. இவற்றைப் பொய் என்று சொல்லலாமா என்பதிலேயே தகராறு உண்டு. பாம்பு தன் பட்டையைத் தானே தேர்ந்தெடுப்பதில்லை. எத்தனையோ தலைமுறைகளாக இயற்கைத் தேர்வு தைத்துக் கொடுத்த சட்டை அது. வேண்டாம் என்றாலும் கழற்ற முடியாது, உரித்தால் அதே சட்டைதான் மறுபடி வரும். நான் பேச நினைப்பது வேறு வகை. அதே வாயால் ஒரு சமயம் உண்மையும் ஒரு சமயம் பொய்யும் சொல்வது, எப்போது எதைச் சொல்லலாம் என்று ஆள் பார்த்து மாற்றுவது.

அதற்கு முன்னால், விலங்குகள் ஏன் பெரும்பாலும் உண்மையையே சொல்கின்றன என்பதைப் பார்த்துவிடலாம். நல்ல மனசு காரணமில்லை. ஒரு சமிக்ஞை எப்போதும் பொய்யாகவே இருந்தால் அதை யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். கேட்க ஆளில்லாத சமிக்ஞை காலப்போக்கில் ஒழிந்துபோகும். ஆகவே இன்றுவரை பிழைத்திருக்கும் சமிக்ஞையில் எங்கோ ஒரு பூட்டு இருக்க வேண்டும். ஆண் தேரைக்கு அந்தப் பூட்டு உடம்பிலேயே இருக்கிறது. உடல் பெரிதானால் குரல் கட்டையாகும். பொடித்தேரை எவ்வளவு முக்கினாலும் அந்தக் குரல் வராது. 1978-இல் நிக் டேவிஸும் டிம் ஹாலிடேயும் இங்கிலாந்துத் தேரைகளுக்கு ஒலிபெருக்கியில் கட்டைக் குரலைப் போட்டுக் காட்டினார்கள். சண்டைக்கு வந்த ஆண்கள் தயங்கின. மயிலுக்குப் பூட்டு செலவில் இருக்கிறது. அத்தனை பெரிய தோகையை வளர்த்து, இழுத்துக்கொண்டு, புலியிடமும் மாட்டாமல் திரிய நோஞ்சான் மயிலுக்கு முடியாது. இஸ்ரேலைச் சேர்ந்த அமோட்ஸ் சஹாவி 1975-இல் சொன்ன கருத்து இது. முதலில் பலர் சிரித்தார்கள், பிறகு கணக்குப் போட்டுப் பார்த்து ஏற்றுக்கொண்டார்கள்.

எனக்குப் பிடித்தது மூன்றாவது பூட்டு, அடி உதை. காகிதம் போன்ற கூடு கட்டும் குளவிகளில் ஓர் இனத்துக்கு முகத்தில் கறுப்புப் புள்ளிகள் உண்டு. புள்ளிகள் உடைந்து சிதறியிருந்தால் அந்தக் குளவி பலசாலி. புள்ளி வரைய என்ன பெரிய செலவு? கொஞ்சம் நிறமி போதுமே. எலிசபெத் டிபெட்ஸும் ஜேம்ஸ் டேலும் 2004-இல் பெயின்டால் சில குளவிகளின் முகத்தை மாற்றிவிட்டார்கள். தகுதிக்கு மீறிய முகத்தோடு போன குளவியை மற்றவை சோதித்துப் பார்த்தன, சரக்கு இல்லை என்று தெரிந்ததும் சாத்தின. பொய் முகம் போடுவது மலிவுதான், அதைக் கட்டிக் காப்பதில்தான் செலவு.

பூட்டு எல்லா இடத்திலும் வேலை செய்யாது. சதுப்புச் சேற்றில் ஒற்றைப் பெரிய கொடுக்கை ஆட்டிக்கொண்டு நிற்கும் பிடில் நண்டுகளில், கொடுக்கு முறிந்தால் புதிதாக முளைக்கும். சில இனங்களில் புதியது நீளத்தில் பழையதுக்குக் குறையாது, ஆனால் இலேசானது, சண்டைக்கு உதவாது. தூரத்திலிருந்து பார்க்கும் எதிராளிக்கு வித்தியாசம் தெரிவதில்லை. காற்றடைத்த புஜம். சரி, நண்டை விடுவோம்.

கரிச்சானை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். கரிக்குருவி, இரட்டைவால் குருவி என்றும் சொல்வார்கள். மின்கம்பியிலும் மாட்டு முதுகிலும் உட்கார்ந்திருக்கும். டிராக்டர் உழும்போது பின்னாலேயே வந்து, கிளம்பும் பூச்சியைப் பறந்தபடி பிடிக்கும். கூட்டுப் பக்கம் காக்கையோ பருந்தோ வந்தால் தலையில் கொத்தித் துரத்திவிட்டுத்தான் ஓயும். மற்ற பறவைகளிடம் கொத்துப்பட்டு நொந்த கரிக்குருவிக்குச் சிவபெருமான் மந்திரம் உபதேசித்து வலியான் ஆக்கினார் என்று மதுரைத் தலபுராணத்தில் ஒரு படலமே இருக்கிறது. வயலில் இந்தப் பறவையின் முரட்டுத்தனத்தைப் பார்த்த யாரோதான் அந்தக் கதையின் மூலம் என்று நினைக்கிறேன்.

இதன் ஆப்பிரிக்க உறவு பிளவுவால் கரிச்சான். தென்னாப்பிரிக்காவில் கலஹாரி பாலைவனத்து குருமன் நதிக் காப்பகத்தில் டாம் ஃபிளவர் என்ற ஆய்வாளர் இதன் பின்னால் வருடக்கணக்கில் அலைந்தார். குளிர்காலக் காலை. பூச்சிகள் பறப்பதில்லை, பறக்கும் பூச்சியை நம்பிப் பிழைக்கும் கரிச்சானுக்கு வயிறு காய்கிறது. மணலைத் தோண்டவும் அதற்கு வராது. கீழே சிலம்பன் கூட்டம் ஒன்று இரை தேடுகிறது. நம் தவிட்டுக்குருவியின் சொந்தம், கறுப்பு வெள்ளையில் இருக்கும். அவை மணலுக்குள் அலகை விட்டுக் கிண்டிக்கொண்டிருப்பதால் வானத்தைப் பார்க்க முடியாது. கரிச்சான் மேலே கிளையில். உண்மையிலேயே வல்லூறு வந்தால் கத்துகிறது, சிலம்பன்கள் புதருக்குள் பாய்ந்து தப்புகின்றன. இப்படிச் சில தடவை நடந்த பிறகு கரிச்சானின் குரலுக்கு ஒரு மதிப்பு வந்துவிடுகிறது.

அப்புறம் ஒரு சிலம்பன் கொழுத்த புழுவையோ தேளையோ வெளியே இழுக்கிறது. தேளை அப்படியே விழுங்க முடியாது, தரையில் அடித்துக் கொடுக்கைச் செயலிழக்கச் செய்ய வேண்டும். அதற்குக் கொஞ்ச நேரமாகும். அந்த நேரம் பார்த்துக் கரிச்சான் அபாயக் குரல் கொடுக்கிறது. வானத்தில் ஒன்றுமில்லை. சிலம்பன் தேளைப் போட்டுவிட்டு ஓடுகிறது, கரிச்சான் சாவகாசமாக இறங்கி எடுத்துக்கொண்டு போகிறது. கீரி இனத்து மீர்கேட்டுகளிடமும் இதே வேலைதான். ஒரு நாள் சாப்பாட்டில் ஏறக்குறைய 23 சதவீதம் இப்படித் திருடியது என்று ஃபிளவர் குழு கணக்கிட்டது.

இதில் ஒரு சிக்கல் வர வேண்டும், வரவும் செய்கிறது. 'புலி வருது' கதைதான். ஒரே குரலில் மூன்றாம் முறை கத்தினால் யார் நம்புவார்கள்? இந்த இடத்தில்தான் இந்தப் பறவையை நினைத்தால் எனக்குச் சந்தோஷம் தாங்காது. கரிச்சான் குரலை மாற்றுகிறது! தன் சொந்தக் குரல் எடுபடவில்லை என்றால் பளபளப்பு மைனாவின் அபாயக் குரலில் கத்துகிறது. அதுவும் பலிக்காவிட்டால் சிலம்பனின் சொந்த அபாயக் குரலையே சிலம்பனிடம் கத்துகிறது. மீர்கேட்டிடம் போனால் மீர்கேட் பாஷை. ஃபிளவர் 2014-இல் தன் சகாக்களுடன் வெளியிட்ட ஆய்வில் 51 வகை அபாயக் குரல்களைப் பதிவு செய்திருந்தார். அவற்றில் 45 மற்ற உயிரினங்களிடமிருந்து சுட்டவை.

குரல் மாற்றுவதால்தான் பலிக்கிறது என்பதை எப்படி உறுதி செய்வது? சிலம்பன்களுக்கு ஒலிபெருக்கி வைத்தார்கள். ஒரே அபாயக் குரலை மூன்று முறை போட்டபோது மூன்றாவது முறை அவை அவ்வளவாகப் பதறவில்லை, சீக்கிரமே இரைக்குத் திரும்பின. மூன்றாவது முறை வேறு குரலைப் போட்டபோது முதல் முறை போலவே ஓடின. கேட்பவர் பொய்யரை மறக்கவில்லை. ஆனால் அவர் அவநம்பிக்கை வைத்தது அந்தக் குரலின் மேல், அதற்குப் பின்னால் இருக்கும் ஆள் மேல் இல்லை. கரிச்சான் வாழ்வது அந்த இடுக்கில்.

சிலம்பன் ஏன் இவ்வளவு ஏமாளி என்று கேட்கத் தோன்றும். கணக்குப் போட்டால் அது ஏமாளி இல்லை. பொய்யை நம்பினால் போவது ஒரு தேள். உண்மையை நம்பாவிட்டால் போவது உயிர். பத்தில் ஒன்பது பொய் என்றே வைத்துக்கொண்டாலும் ஓடுவதுதான் புத்திசாலித்தனம். நின்று நிதானித்து, வானத்தை அண்ணாந்து சரிபார்க்கலாம் என்றால் வல்லூறு அதற்கு அவகாசம் தராது. இன்னொரு வேடிக்கை: அமண்டா ரிட்லியும் நிக்கோலா ரைஹானியும் இதே சிலம்பன்களில் கவனித்தபடி, பெரிய கூட்டங்கள் கரிச்சானை அடித்து விரட்டுகின்றன, சிறிய கூட்டங்கள் சகித்துக்கொள்கின்றன. பெரிய கூட்டத்தில் காவல் காக்கச் சொந்தத்தில் ஆள் உண்டு. சிறிய கூட்டத்துக்கு அந்த வசதி இல்லை, அதனால் திருடன் என்று தெரிந்தே அவனைக் காவலுக்கு வைத்துக்கொள்கிறது. தேள்கள் சம்பளக் கணக்கில் போகின்றன.

இந்த வித்தைக்குக் கரிச்சானுக்குப் பெரிய மூளை தேவையா? எதிராளியின் மனதில் என்ன ஓடுகிறது என்று அது யோசிக்க வேண்டிய கட்டாயமில்லை. 'பலித்தால் அதையே செய், பலிக்காவிட்டால் வேறு குரல்' என்ற எளிய விதியே போதும். அடுத்தவர் பார்வையை ஓரளவு கணக்கில் எடுப்பதாகத் தோன்றும் பறவைகளும் உண்டு. அமெரிக்காவின் புதர்க்காடை என்ற காக்கைக் குடும்பத்துப் பறவை இரையைப் புதைத்து வைக்கும். புதைக்கும்போது இன்னொன்று பார்த்துவிட்டால், தனியானதும் தோண்டி வேறு இடத்துக்கு மாற்றும். நேதன் எமெரியும் நிக்கோலா கிளேட்டனும் 2001-இல் கண்டது இதைவிட ருசியானது. எல்லாப் பறவைகளும் அப்படி மாற்றவில்லை. முன்பு அடுத்தவர் இரையைத் திருடிய அனுபவம் உள்ளவைதான் மாற்றின. திருடாத பறவைக்குச் சந்தேகமே வரவில்லை!

இந்த ஆய்வுகளுக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவைப்படவில்லை. ஒலிபெருக்கி, தொலைநோக்கி, ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்கில் தங்கும் ஆட்கள், அவ்வளவுதான். நம்மூரில் தட்டுப்பாடு அந்தக் கடைசிப் பொருளுக்கு. மூன்று வருடத் திட்டத்துக்கு நிதி கொடுத்துவிட்டு முதல் வருடமே 'இதனால் சமூகத்துக்கு என்ன பயன்?' என்று படிவம் நிரப்பச் சொன்னால் யார் மரத்தடியில் உட்கார்ந்து குருவி பார்ப்பார்கள்? இலங்கையின் சிங்கராஜ மழைக்காட்டில் எபென் குடேலும் சரத் கொட்டகமவும் பொறுமையாகச் செய்த வேலையில், அங்குள்ள கரிச்சானும் பலகுரல் மன்னன் என்பது தெரிந்தது. அபாய நேரத்தில் மற்ற பறவைகளின் அபாயக் குரல்களையும், அமைதியான நேரத்தில் கூடவே திரியும் பறவைகளின் பாட்டையும் அது போலி செய்கிறது. இந்தக் கள்ளக் குரல் பறவைகளைக் கூட்டமாகச் சேர்க்க உதவுகிறது. கூட்டம் கிளப்பிவிடும் பூச்சி கரிச்சானுக்கு. திறமை அதே திறமை, பிழைப்பு வேறு.

இனி மனிதர்கள். பொய்யைக் கண்டுபிடிப்பதில் நாம் சிலம்பனைவிடப் பெரிய ஆள் இல்லை. சார்லஸ் பாண்டும் பெல்லா டிபாலோவும் 2006-இல் 24,000-க்கும் மேற்பட்டோர் பங்கேற்ற சோதனைகளைத் தொகுத்தார்கள். பேச்சைக் கேட்டு அது உண்மையா பொய்யா என்று அவர்கள் கணித்ததில் சரியானது சராசரியாக 54 சதவீதம். நாணயம் சுண்டினால் 50. கண்ணைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும் என்பவர்களை நான் பல்லி சாஸ்திரம் பார்ப்பவர்களோடுதான் சேர்ப்பேன். பொய் கண்டறியும் கருவியையும் அதே வரிசையில். அது அளப்பது இதயத்துடிப்பு, இரத்த அழுத்தம், மூச்சு, வியர்வை. இவை பயத்தின் அடையாளங்கள். நிரபராதிக்கும் பயம் வரும், பழகிய புளுகனுக்கு வராது. சம்மதம் இல்லாமல் யாரையும் இந்தச் சோதனைக்கோ உண்மை அறியும் மருந்துச் சோதனைக்கோ உட்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் செல்வி வழக்கில் தீர்ப்பளித்தது. சோதனைக்கு விஞ்ஞானம் என்று பெயர் வைத்ததாலேயே அதை நம்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

அப்படியானால் மனிதர்களிடம் பூட்டு எது? பெயரும் ஊரும்தான். யார் சொன்னது என்று நினைவில் வைக்கிறோம், இன்னொருவரிடம் விசாரிக்கிறோம், சீட்டு கட்டும் முன் நாலு பேரைக் கேட்கிறோம். சிலம்பனுக்கு இல்லாத வசதி இது. போன் மோசடிக்காரன் முதலில் உடைப்பதும் இதைத்தான். பெயர் இல்லாத எண்ணிலிருந்து அழைக்கிறான். 'இன்றிரவு மின் இணைப்பு துண்டிக்கப்படும்' என்ற குறுஞ்செய்திக்கு மக்கள் பழகியதும், உங்கள் பெயரில் வந்த கூரியரில் போதைப்பொருள் என்கிறான். அதுவும் புளித்ததும் சி.பி.ஐ. அதிகாரி, 'டிஜிட்டல் கைது'. குரல் மாறுகிறது, பின்னாலிருக்கும் ஆள் மாறுவதில்லை. நம்பாவிட்டால் சிறை என்று எதிர்த்தட்டில் பெரிய எடையை வைக்கிறான். சரிபார்க்க அவகாசம் தராமல் இருக்கக் கரிச்சானுக்கு வல்லூறின் வேகம் உதவுகிறது. போன்காரனுக்கு அந்த உதவி இல்லாததால் அவனே வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது: போனை வைக்காதே, கேமராவை அணைக்காதே, வீட்டில் யாரிடமும் பேசாதே.

இந்த வழக்குகளில் தனியாக வசிக்கும் முதியவர்கள் அடிக்கடி சிக்குவதில் ஆச்சரியமில்லை. படிப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஓய்வுபெற்ற பேராசிரியர்களும் மருத்துவர்களும் மாட்டியிருக்கிறார்கள். அவர்கள் சிறிய கூட்டத்துச் சிலம்பன்கள், பக்கத்தில் நின்று வானத்தைப் பார்த்துச் சொல்ல ஆளில்லை. டிஜிட்டல் கைது என்று இந்தியச் சட்டத்தில் ஒன்று கிடையவே கிடையாது. பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைக்கலாம். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, பணத்தை வழியில் முடக்க அவ்வளவு வாய்ப்பு.