மற்றச் சங்கத்தின் கடன் கொப்பியைக் கேளுங்கள்

கூட்டுறவுச் சங்கங்களுக்குக் கணக்கும் நிர்வாகமும் பயிற்றுவிப்பது என் தொழில். யாழ்ப்பாணத்திலிருந்து வான் பிடித்து வேறு மாவட்டத்துச் சங்கங்களைப் பார்க்கப் போகிறவர்களோடு நானும் போவதுண்டு. தலைவர் வரவேற்பார், கட்டடத்தைக் காட்டுவார், மத்தியானச் சாப்பாடு முடியும், படம் எடுப்போம். திரும்பி வந்ததும் நிர்வாகக் குழுவில் 'எங்களுக்கும் அந்த மெஷின் வேணும்' என்று தீர்மானம் வரும். அந்தச் சங்கம் எதில் நட்டப்பட்டது, எதைக் கைவிட்டது என்று பெரும்பாலும் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

கூட்டுறவு இயக்கம் வளர்ந்ததே அந்தக் கேள்வியில் இருந்துதான். இங்கிலாந்தின் ரொச்டேல் நகரில் 1833இல் தொடங்கிய ஒரு சங்கக்கடை, கடனுக்குச் சாமான் கொடுத்தே 1835இல் மூடப்பட்டது. 1844 டிசம்பரில் அதே தெருவில் புதிய கடை திறந்த 'ரொச்டேல் முன்னோடிகள்' என்ற சங்கத்தினர் கைக்காசுக்கு மட்டுமே விற்றார்கள். இலாபத்தை, வாங்கிய அளவுக்கு ஏற்ப உறுப்பினருக்குப் பிரித்தார்கள். பிறகு உலகம் முழுவதும் பின்பற்றப்பட்ட விதிகளில் ஒன்றான கைக்காசு விற்பனை, பூட்டிய ஒரு கடையிடம் கற்றது.

சரி, அதை அப்படியே இங்கே கொண்டு வரலாமா? வெங்காயம் கிண்டி விற்றால்தான் எங்கள் கமக்காரருக்குக் கையில் காசு. 'கடன் இல்லை' என்று பலகை மாட்டினால் அவர் தனியார் கடைக்குப் போய்விடுவார். விதியின் காரணத்தைத்தான் எடுக்க வேண்டும்: அடுத்த கொள்வனவுக்கான பணம் உறுப்பினர் வீடுகளில் முடங்கக் கூடாது. என் கருத்தில், கடன் கொடுப்பது, உறுப்பினரின் சேமிப்பைச் சேர்த்துக் கடன் வழங்கும் சிக்கன கடனுதவுச் சங்கத்தின் வேலை, கடை விற்கட்டும்.

ஒரு களப்பயணத்தில் முகாமையாளர் ஒருவர் தம் பழைய கடன் கொப்பியைத் திறந்து காட்டினார். முன்பக்கங்களில் திருப்பித் தரும் திகதிக்குப் பதிலாக 'வெங்காயம் வித்ததும்' என்றே இருந்தது. பின்பக்கங்களில் திகதி, உச்சத் தொகை, பிணை நின்றவரின் கையொப்பம் என்று மூன்று நிரல்கள். அந்த நிரல்கள் ஏன் வந்தன என்று அவர் சொன்னதுதான் அன்றைய பயிற்சி. தலைவரின் உரையில் அது வரவேயில்லை.

ஆகவே அடுத்த முறை வானில் நிர்வாகக் குழுவை மட்டும் ஏற்றாதீர்கள். கடையில் நிற்கும் விற்பனையாளருக்கும் களஞ்சியப் பொறுப்பாளருக்கும் இடம் விடுங்கள். போன இடத்தில் அதே வேலை செய்பவர்களோடு தனியாகக் கதைக்க அவர்களுக்கு ஒரு மணித்தியாலமாவது கொடுங்கள். வந்த பிறகு ஒரே ஒரு மாற்றத்தை ஒரு கிளையில் மட்டும் செய்து, ஒரு போகம் முடியும்வரை கணக்கைப் பாருங்கள். அப்புறம் மற்றக் கிளைகளைப் பற்றி யோசிக்கலாம்.