முதலில் காதைப் பாருங்கள், அப்புறம் தமிழைத் திட்டலாம்

கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு மலையாள மீடியம் பள்ளியில், சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கு உதவியாளராக இருக்கிறேன். பிள்ளைகளுக்கு நான் ஸ்பெஷல் டீச்சர். சில பெற்றோருக்கு இன்னமும் ஆயா. அது போகட்டும்.

போன மாதம் இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவனை என்னிடம் அனுப்பினார்கள். "சொன்னது எதுவும் ஏறுவதில்லை. வீட்டில் தமிழ், இங்கே மலையாளம். பையன் குழம்பிவிட்டான்" என்று கூடவே ஒரு தீர்ப்பும் வந்தது. இதே தீர்ப்பை எத்தனை பிள்ளைகளுக்குக் கேட்டாயிற்று என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன்.

அம்மாவை வரச் சொன்னேன். "ஒண்ணாங்கிளாஸ்லயே சொல்லிட்டாங்க டீச்சர். அப்ப இருந்து வீட்ல தமிழையே நிறுத்திட்டோமுங்க" என்றார். அவருக்குத் தெரிந்த மலையாளம் பஸ்ஸுக்கும் ரேஷன் கடைக்கும் போதும், பிள்ளைக்குக் கதை சொல்லப் போதாது. வீட்டில் இருக்கும் அம்மாயிக்கோ தமிழைத் தவிர எதுவும் தெரியாது. பேரன் படிப்பு கெட்டுவிடுமே என்று ஒரு வருஷமாக அவனிடம் வாயே திறப்பதில்லையாம். பரிமாறும்போதுகூட சைகைதான்.

பையன் படம் வரைந்துகொண்டிருந்தான். பின்னால் நின்று சாதாரணக் குரலில் மலையாளத்தில் "ஜனல் அடைக்கு" என்றேன். அசையவில்லை. "ஜன்னலைச் சாத்து கண்ணு" என்றேன். அதற்கும் அசையவில்லை. முன்னால் போய் உட்கார்ந்து, அவன் என் முகத்தைப் பார்த்ததும் அதையே சொன்னேன். எழுந்து போய்ச் சாத்தினான். மலையாளத்தில் சொன்னபோதும் அப்படியே. என் உதட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். தீராத சளி வேறு, வாயைத் திறந்தே மூச்சு விட்டான்.

இ.என்.டி. டாக்டரிடம் அனுப்பினோம். இரண்டு காதிலும் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கட்டியிருந்தது. சின்னப் பிள்ளைகளுக்கு அடிக்கடி வருவதுதான், பார்த்துக்கொள்ளக் கூடியதும்கூட. இப்போது டாக்டரின் கண்காணிப்பில் இருக்கிறான். (நான் செய்தது காது பரிசோதனை இல்லை. பரிசோதனைக்கு அனுப்பலாமா என்று பார்த்தேன், அவ்வளவுதான்.)

இரண்டு மொழி கேட்டு வளர்வதால் எந்தப் பிள்ளைக்கும் மூளை குழம்பாது. பேச்சு தாமதமாகாது, ஆட்டிசமும் வராது. பூனைக்கு மலையாளச் சொல்லைப் போட்டு "பூச்ச வந்துச்சு" என்று கலந்து பேசினால் அது கோளாறு இல்லை. இந்த ஊரில் நாமெல்லாம் அப்படித்தானே பேசுகிறோம்? வேலந்தாவளத்தில் காய் விற்கும் அக்கா ஒரு மொழியில் விலை சொல்லி இன்னொன்றில் சண்டை போடுகிறார். அவரை யாரும் என்னிடம் அனுப்பவில்லை! பிள்ளைக்கு எத்தனை வார்த்தை தெரியும் என்று எண்ணினால் இரண்டு மொழியையும் சேர்த்து எண்ணுங்கள். மொழி வளர்ச்சியில் உண்மையிலேயே சிக்கல் இருந்தால் அது இரண்டு மொழியிலும் தெரியும். தமிழில் கதையளந்து, சண்டை போட்டு, பொய்யும் சொல்லுகிற பிள்ளை மலையாளத்தில் மட்டும் விழித்தால், அவனுக்கு இன்னும் மலையாளம் வரவில்லை என்றுதான் அர்த்தம். ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளும் இரண்டு மொழி கற்கிறார்கள்.

இதன் மறுபக்கமும் உண்டு. போன வருஷம் ஒரு சிறுமியை அறிவுசார் குறைபாடு என்று எழுதி அனுப்ப இருந்தார்கள். கேள்விகளை யாரும் தமிழில் கேட்கவே இல்லை. கேட்டதும் மடமடவென்று பதில் வந்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 சொல்வது 21 வகைக் குறைபாடுகள். செவித்திறன் குறைபாடு அதில் உண்டு, பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு உண்டு. வீட்டில் தமிழ் பேசுவது அந்தப் பட்டியலில் இல்லை.

டீச்சர்மார்களே, கரும்பலகையைப் பார்த்துப் பாடம் சொல்லாதீர்கள், முகத்தைக் காட்டிப் பேசுங்கள். சந்தேகமுள்ள பிள்ளையை முன் பெஞ்சுக்குக் கொண்டுவாருங்கள். உங்களுக்குத் தமிழ் வராவிட்டால் சத்துணவுக்குச் சமைக்கும் அக்காவைக் கூப்பிட்டாவது தமிழில் ஒரு தடவை கேட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் அனுப்புங்கள். மருத்துவக் குழு பள்ளிக்கு வருகிற அன்று பிள்ளையை வீட்டில் நிறுத்திக்கொள்கிற வழக்கத்தை, பெற்றோரே, விடுங்கள். டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறானா, கூப்பிட்டால் இரண்டாவது மூன்றாவது தடவைதான் திரும்புகிறானா, காதில் சீழ் வருகிறதா, கவனியுங்கள். சீழ் வந்தால் எண்ணெய் காய்ச்சி ஊற்றாதீர்கள். ஹேர்பின்னையும் காதுக்குள் விடாதீர்கள், கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

யாரோ சொன்னார்கள் என்று தமிழை நிறுத்திவிட்ட வீடுகளுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். இன்றைக்கு ராத்திரி சோறு போடும்போதே அம்மாயியைப் பேசச் சொல்லுங்கள். பிள்ளைக்கு எதிரே உட்கார்ந்து, முகம் தெரிகிற மாதிரி.