மூடி இறுகிப்போன மஞ்சள் பாட்டில்

போன சித்திரையில் என் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். காரைக்குடிப் பக்கம் ஒரு செட்டிநாட்டு வீட்டின் முன்கட்டில் ரத்தப் பரிசோதனைக் கூடம் நடத்துகிறார். "சார், ஸ்டோரைக் காலி பண்றேன். பழைய பிக்ரிக் அமில பாட்டில் ஒண்ணு கிடக்கு. மூடி பிடிச்சுக்கிச்சு. கட்டிங் பிளேயர் போட்டுத் திருகட்டுமா?"

"கையை எடுப்பா. அப்படியே விட்டுட்டு வெளியே வா."

வெளியே வந்தவர், முன்பே எடுத்திருந்த படத்தை அனுப்பினார். கழுத்தைச் சுற்றி மஞ்சளாக உப்புப் பூத்திருந்தது. உள்ளே தண்ணீரே இல்லை. வற்றிய ஊருணித் தரைபோல் பொடி பாளம் பாளமாகப் பிளந்து கிடந்தது. எனக்குக் கை நடுங்கிவிட்டது.

பிக்ரிக் அமிலம் என்பது டிரைநைட்ரோபீனால். டி.என்.டி. வெடிமருந்துக்கு நெருங்கிய சொந்தம். முதல் உலகப் போரில் பீரங்கிக் குண்டுகளில் இதை அடைத்தார்கள். 1917 டிசம்பர் 6 அன்று கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் வெடித்த மான்ட் பிளாங்க் கப்பலின் சரக்கில் பெரும்பங்கு இதுதான். அதே பொருள்தான் சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று அறிய ரத்தத்தில் கிரியாட்டினின் அளவு பார்க்கும் ஜாஃபே முறையிலும், திசுக்களைப் பதப்படுத்தும் பௌயின் கரைசலிலும் இருக்கிறது. நீர்த்த கரைசலாக இருக்கும்வரை வெடிக்காது. பொடியையும் தண்ணீரில் ஊறவைத்துத்தான் விற்பார்கள். மூடி சரியில்லாமல் நம்மூர் வெயிலில் சில கோடை கிடந்தால் அந்தத் தண்ணீர் போய்விடும். அப்புறம் மூடிப் புரியில் ஒட்டிய பொடிக்குத் திருகும்போது ஏற்படும் உரசலே போதும்.

இன்னொன்றை நம் பகுதிக்காரர்கள் கவனிக்க வேண்டும். இந்த அமிலம் செம்பு, ஈயம், இரும்பு போன்ற உலோகங்களோடு சேர்ந்தால் பிக்ரேட் உப்புகள் உண்டாகும். அவற்றில் பல, அமிலத்தைவிடச் சீக்கிரம் வெடிக்கும். சுண்ணாம்பிலும் சிமெண்டிலும் பட்டாலும் பிக்ரேட்தான். சுண்ணாம்புச் சுவர், ஆத்தங்குடிக் கல், பித்தளைக் குழாய் உள்ள வீட்டில் இதைச் சிந்தினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். சிந்தியதைக் காயவிடாமல் அப்போதே ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். துணியையும் காயவிடக் கூடாது. சிங்க்கில் ஊற்றவே கூடாது.

விஷமும்கூட. தோல் மஞ்சளாகும், தூள் உள்ளே போனால் கல்லீரலும் சிறுநீரகமும் கெடும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடாதீர்கள்.

அன்று அறையைப் பூட்டி, வீட்டில் இருந்தவர்களை வெளியேற்றி, 112-க்குச் சொன்னோம். போலீஸின் வெடிகுண்டுப் பிரிவு வந்து பாட்டிலை எடுத்துப் போனது. காய்ந்த பாட்டிலுக்கு அதுதான் வழி, நாமே தண்ணீர் ஊற்றிச் சரிசெய்யப் பார்க்கக் கூடாது.

ஈரமாக இருக்கும் பாட்டில் என்றால், வாங்கிய தேதியை எழுதி ஒட்டுங்கள். பிளாஸ்டிக் மூடியே இருக்கட்டும். பொடி அள்ள உலோகக் கரண்டி வேண்டாம். மாதம் ஒருமுறை பார்த்து, ஈரம் குறையத் தொடங்கும்போதே காய்ச்சி வடித்த நீர் சேருங்கள். ஒரே நேரத்தில் நிறைய வாங்கி அடுக்காதீர்கள்.

அந்த மாணவர் இப்போது கிரியாட்டினினுக்கு நொதி (என்சைம்) முறை கிட் வாங்குகிறார். விலை கூடுதல்தான், ஆனால் அதில் பிக்ரிக் அமிலம் இல்லை.