கழிப்பறை இருக்கிறதா என்று மட்டும் கேட்டால்

அரசுத் திட்டங்களால் பலன் கிடைத்ததா என்று ஊர் ஊராகப் போய் விசாரிப்பது என் வேலை. ஒரு கிராமத்தில் திண்ணையில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம், "வீட்டுல கழிப்பறை இருக்காம்மா?" என்றேன்.

"இருக்குப்பா, கவர்மெண்டுல கட்டிக் குடுத்தது."

படிவத்தில் டிக் அடித்துவிட்டு நகர்ந்திருக்கலாம். "நேத்து யார் யாரும்மா அதுல போனீங்க?" என்று கேட்டேன்.

"மருமக போனா, பேத்தி போனா. அவருக்கு எப்பவும் ஏரிக்கரைதான். எனக்கும் உள்ள அடைஞ்சு உக்காந்தா ஒத்துவராது."

கட்டியதை மட்டும் எண்ணிக்கொண்டு போகும் இந்தக் கோளாறு நாடு முழுவதும் நடந்திருக்கிறது. 1999-இல் தொடங்கிய முழு சுகாதார இயக்கத்தில், கட்டிய கழிப்பறைகளை வருடாவருடம் கூட்டிக்கொண்டே போனார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீடு வீடாகக் கேட்டபோது, வீட்டோடு கழிப்பறை உள்ள கிராமத்துக் குடும்பங்கள் 31 சதவீதம்கூட இல்லை. துறையின் ஏட்டில் இருந்தது ஏறக்குறைய அதைப்போல இரண்டு மடங்கு!

2014-இல் தூய்மை இந்தியா திட்டம் வந்தது. வீட்டுக்கு 12,000 ரூபாய் ஊக்கத்தொகை; கட்டியதும் இருப்பிடக் குறியோடு புகைப்படம் ஏற்ற வேண்டும். பொய்க்கணக்கைப் பிடிக்க நல்ல ஏற்பாடுதான். ஆனால் உள்ளே யார் போகிறார்கள் என்பது புகைப்படத்தில் தெரியாதே.

ஏன் போவதில்லை என்று கேட்டால் பேச்சு சீக்கிரமே கழிவு போய்ச் சேரும் குழிக்கு வந்துவிடும். இரட்டைக் குழி முறையில் ஒன்று நிரம்பச் சில வருடங்கள் ஆகும். அப்புறம் அதை மூடிவிட்டு அடுத்ததற்கு மாற்றினால், மூடிய குழியில் இருப்பது மக்கி உரமாகிவிடும். இதைச் சொன்னால், "ரொம்பினா யாரு தம்பி அள்ளுறது?" என்பார்கள். அந்தக் கேள்விக்குள் சாதி இருக்கிறது. குழி சீக்கிரம் நிரம்பிவிடக் கூடாதென்று ஆண்கள் வெளியே போகிறார்கள். கழிப்பறை ராத்திரிக்கும் உடம்பு முடியாதவர்களுக்கும் என்று ஒதுங்கிவிடுகிறது. வசதியுள்ளவர் சொந்தக் காசில் பெரிய தொட்டி கட்டிக்கொள்கிறார். கட்டியதை மட்டும் எண்ணும் படிவத்தில் இதில் ஒரு வரிகூட ஏறாது.

ஒப்பீடும் வேண்டும். வயிற்றுப்போக்கு குறைந்தால் உடனே கழிப்பறைக்கு மாலை போட்டுவிடுகிறோம். அதே வருடங்களில் குழாய்த் தண்ணீரும் வந்திருக்கலாம். திட்டம் தாமதமாகப் போய்ச் சேர்ந்த ஊரையும் பார்க்காமல் எதையும் சொல்ல முடியாது.

இப்போது என் படிவத்தில் வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் தனி வரி. வீட்டுக்குக் கால் மணி நேரம் கூடுதலாகிறது, அலுவலகத்தில் முணுமுணுப்புதான். ஐப்பசியில் அதே அம்மாவைப் பார்த்தபோது, "எல்லாரும் உள்ளதான் போறோம்" என்றார். ஏரி நிரம்பி, கரை முழுக்கச் சேறு. அன்றிலிருந்து எந்த மாதத்தில் கேட்டேன் என்பதையும் எழுதி வைக்கிறேன்.