ஆராய்ச்சி மாணவரின் தனிமை: எங்கே தொடங்குகிறது, எப்படிச் சரிசெய்வது?

இளங்கலையில் நட்பு தானாக அமைந்துவிடும். ஒரே வகுப்பு, தினமும் அதே முகங்கள், எல்லோருக்கும் ஒரே தேர்வு. முதுநிலைக்கு, அதிலும் ஆராய்ச்சிக்கு வந்தபின் இந்த மூன்றும் போய்விடுகின்றன. கால அட்டவணை கிடையாது. உங்கள் தலைப்பு பக்கத்து மேசைக்காரருக்கே புரியாது. ஆலோசகர்களான எங்களிடம் வருபவர்கள் பலரும் "எனக்குப் பழகத் தெரியலை" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். போன வாரம் எப்படிப் போனது என்று எழுதச் சொன்னால் காரணம் கண்ணில் படும்: ஒரே ஆளை இரண்டு முறை சந்திக்க அதில் வாய்ப்பே இருக்காது.

தனிமையில் இரண்டு வகை உண்டு என்று 1973இல் அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் வைஸ் பிரித்துக் காட்டினார். மனம்விட்டுப் பேச ஒருவர் இல்லாதது ஒன்று. சேர்ந்திருக்க ஒரு கூட்டம் இல்லாதது மற்றொன்று. ஒன்று இருப்பதால் மற்றது நிறையாது. தினமும் வீட்டாரோடு வீடியோ காலில் பேசுபவரும் மதியம் தனியாகச் சாப்பிடும்போது வாடுவார். லேபில் எல்லோரோடும் சிரித்துப் பேசுபவருக்கு, சோதனை தோற்றதைச் சொல்ல ஆள் இருக்காது. உங்களுடையது எது என்று முதலில் பாருங்கள்.

கூட்டம் இல்லாதவர்களுக்கு நாங்கள் முதலில் சொல்வது, சேர்ந்து எழுதும் குழு. மூன்று நான்கு பேர் போதும். வாரம் ஒரு நாள், ஒரே இடம், ஒரே நேரம். இந்தப் பத்தியை முடிக்கப் போகிறேன் என்று ஆளுக்கொரு வரி சொல்லிவிட்டு 50 நிமிடம் வேலை, 10 நிமிடம் பேச்சு. இப்படி இரண்டு சுற்று. பெரும்பாலான குழுக்கள் கலைவது ஒரே காரணத்தால்தான்: வாட்ஸ்அப்பில் எட்டுப் பேரைச் சேர்த்து, எல்லோருக்கும் ஒத்துவரும் நேரத்தைத் தேடுவார்கள். கிழமையையும் நேரத்தையும் நீங்களே முடிவுசெய்துவிட்டு அழையுங்கள். இருவர் வந்தாலும் நடத்துங்கள். கைடை (ஆய்வு நெறியாளரை)ப் பற்றிய புலம்பலை அந்தப் பத்து நிமிடத்துக்குள் நிறுத்துங்கள்; இல்லாவிட்டால் அடுத்த வாரம் வரவே மனம் வராது.

பலன் உடனே தெரியாது. அறிமுகமானவர் சாதாரண நண்பராகவே சுமார் 50 மணி நேரம் சேர்ந்திருக்க வேண்டும், நெருங்கிய நட்புக்கு 200 மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று 2018இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. வாரம் இரண்டு மணி நேரம் என்றால் சாதாரண நட்புக்கே 25 வாரங்கள்! ஒரு மாதத்தில் "சரிப்பட்டு வரலை" என்று விட்டுவிடாதீர்கள். குழு முடிந்ததும் சேர்ந்து சாப்பிடப் போனால் அந்தக் காலம் குறையும்.

நீண்ட நாள் தனித்திருந்த மனம் எதிலும் புறக்கணிப்பையே முதலில் பார்க்கும். பதில் வராவிட்டால், "என்னைத் தவிர்க்கிறார்கள்" என்று முடிவுகட்டும். தனிமையைக் குறைக்கும் பல முறைகளை ஒப்பிட்ட 2011ஆம் ஆண்டு ஆய்வொன்றில், இத்தகைய எண்ணங்களைத் திருத்தும் முறைகளே கூடுதலாகப் பலன் தந்தன. அந்த எண்ணத்தை அப்படியே எழுதுங்கள். பதில் வராததற்கு வேறு இரண்டு காரணங்களையும் கீழே எழுதுங்கள். பிறகு இன்னொரு முறை கேளுங்கள்.

கைடை விட்டு ஒளிவதும் இப்படித்தான் வளர்கிறது. அத்தியாயம் முடியவில்லை, வெட்கம், அதனால் போவதில்லை. போகாததால் வெட்கம் இன்னும் கூடும். இவ்வளவு எழுதினால் போதும்: "மூன்று வாரமாகத் தொடர்பில் இல்லாததற்கு மன்னிக்கவும். இரண்டாம் அத்தியாயத்தில் முறையியல் பகுதியில் நிற்கிறேன். வியாழக்கிழமை 20 நிமிடம் சந்திக்கலாமா?" நீண்ட விளக்கம் வேண்டாம், அதை எழுத உட்கார்ந்துதான் இன்னும் ஒரு வாரம் போகும்.

தூக்கமோ பசியோ மாறி, எதிலும் ஆர்வமில்லாமல் இரண்டு வாரம் ஓடிவிட்டால் அது மனச்சோர்வாக இருக்கலாம். பல்கலைக்கழக ஆலோசகரிடமோ மருத்துவரிடமோ போங்கள். "யாரோடும் பேசுறதில்லை, தூக்கமும் இல்லை" என்ற ஒரு வரி போதும். மிச்சத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்வது எங்கள் வேலை. உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றினால் அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காதீர்கள். அந்த நிமிடமே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள், அவசர உதவி எண்ணை அழையுங்கள், தனியாக இருக்காதீர்கள்.